நாயின் குருதியில் கணையத்தைத் தேடிய வரலாறு

ஜெர்மன் ஷெப்பர்டு நாய் ஒன்று ஓயாமல் உண்கிறது; ஆயினும் விலா எலும்பு துருத்த மெலிந்துகொண்டே போகிறது. மலம் மிகுதியாகவும் வெளிறியும் கழிகிறது; பசி தாளாமல் சில வேளை அதையே தின்னவும் தலைப்படுகிறது. கணையம் செரிமான நொதிகளைச் சுரக்காது போனால் இவ்வாறு நேரும். சிறுகுடல் நோயிலும் ஏறக்குறைய இதே தோற்றம் உண்டு. முன்னதற்கு வாழ்நாள் முழுதும் உணவில் நொதிப்பொடி கலந்து தர வேண்டும். பின்னதற்கு அப்பொடியால் பயனில்லை. ஆகவே இரண்டையும் பிரித்தறிவது நாயின் உயிரோடு தொடர்புடைய கேள்வி. 1980கள் வரை அதற்கு எளிய, உறுதியான விடை கிடைக்கவில்லை.

பழைய சோதனைகளுள் ஒன்று விந்தையானது. எக்ஸ்ரே பிலிமின் மேற்பூச்சில் உள்ள ஜெலட்டின் ஒரு புரதம். மலத்தை நீர்மத்தில் கரைத்து, அதில் பிலிம் துண்டை வைப்பர். டிரிப்சின் இருந்தால் பூச்சு செரித்துப் பிலிம் தெளியும். செலவில்லாத உத்திதான், ஆனால் நலமான நாயின் மலத்திலும் சில நாள் டிரிப்சின் குறைந்திருக்கும், குடல் பாக்டீரியாவின் நொதிகளும் ஜெலட்டினைச் சிதைக்கும். குருதியில் அமைலேஸ், லிப்பேஸ் பார்ப்பதும் கைகொடுக்கவில்லை. நாயின் உடலில் அவை கணையத்திலிருந்து மட்டும் வருவன அல்ல.

வழி திறந்தது நீரிழிவு ஆய்வின் பக்கமிருந்து. 1889இல் ஸ்டிராஸ்பர்க்கில் மேரிங்கும் மின்கோவ்ஸ்கியும் கணையம் நீக்கிய நாய்க்கு நீரிழிவு வருவதைக் கண்டனர். 1921இல் டொரண்டோவில் இன்சுலினைத் தேடிய ஆய்விலும் நாய்களே பயன்பட்டன. அந்த இன்சுலினை மனிதக் குருதியில் அளக்க, 1950களின் இறுதியில் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் உருவாக்கியதே ரேடியோஇம்யூனோஅஸ்ஸே. யாலோ 1977இல் நோபல் பரிசு பெற்றபோது பெர்சன் உயிருடன் இல்லை. நாய்களின் உடலில் தொடங்கிய ஆய்வு வழி, மனித மருத்துவத்தைச் சுற்றிக்கொண்டு மீண்டும் நாய்களிடம் வந்தது.

லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் டேவிட் வில்லியம்ஸ், ரோஜர் பாட் இருவரும் 1980களின் தொடக்கத்தில் அம்முறையை நாயின் டிரிப்சினுக்குப் பொருத்தினர். நலமான கணையத்திலிருந்து டிரிப்சினோஜன் சிறிதளவு எப்போதும் குருதிக்குள் கசிகிறது. சுரக்கும் செல்கள் அழிந்துபட்டால் கசிவும் அற்றுப்போகிறது. வெறும் வயிற்றில் ஒருமுறை எடுத்த குருதியில் லிட்டருக்கு 2.5 மைக்ரோகிராமோ அதற்கும் கீழோ காணப்பட்டால் கணையம் செயலிழந்தது என்று கொள்ளலாம். உறுப்பு சிதைந்தால் அதன் நொதி குருதியில் ஏறும் என்பதே மருத்துவருக்குப் பழகிய தருக்கம். இங்கு இன்மையே சான்றாகிறது.

சோதனைக்கு இட்ட பெயரில் ஒரு நேர்மை உண்டு. அது 'டிரிப்சின் அளவு' அன்று, 'டிரிப்சின் போன்ற' பொருளின் அளவு. எதிர்ப்பொருள் டிரிப்சினோடு அதன் முன்வடிவான டிரிப்சினோஜனையும் சேர்த்தே பற்றுவதால், கருவி எதைக் கண்டது என்று அறுதியிட முடியாது. அந்த ஐயத்தை ஓர் உவம உருபு சுமக்கிறது. அறிவியல் கலைச்சொற்களில் இத்தகைய அடக்கம் அரிது.

குடற்பக்கத்தை அறியவும் குருதியே உதவிற்று. பாட் 1982இல் இணை ஆய்வாளர் ஒருவருடன் ஃபோலேட், பி12 அளவுகளை ஆராய்ந்தார். ஃபோலேட் சிறுகுடலின் மேற்பகுதியிலும் பி12 கடைப்பகுதியிலும் உறிஞ்சப்படுவதால், எது குறைகிறது என்பது பழுதின் இடத்தைச் சுட்டும். பாக்டீரியப் பெருக்கத்தையும் இவ்வளவுகளால் அறியலாம் என்ற நம்பிக்கை பிற்காலத்தில் தளர்ந்தது. பி12 உறிஞ்சப்படத் துணைபுரியும் உட்காரணி மனிதருக்கு இரைப்பையில் சுரக்கிறது. நாய்க்கோ பெரும்பாலும் கணையத்தில். எனவே கணையம் கெட்ட நாய்க்குப் பி12 குறைவும் அடிக்கடி சேர்ந்துவருகிறது. நொதிப்பொடி மட்டும் தந்து தேறாத நாய்கள் சில ஏன் தேறவில்லை என்பது இதனால் விளங்கிற்று.

கணைய அழற்சிக்கு இந்த டிரிப்சின் சோதனை போதவில்லை. கணைய லிப்பேஸை மட்டும் பிரித்து அளக்கும் முறையை யோர்க் ஸ்டைனரும் வில்லியம்ஸும் 2003இல் வெளியிட்டனர். பின்லாந்து ஆய்வாளர்களோ வேறொரு புதிரை எதிர்கொண்டனர். நலமாகத் தோன்றிய ஜெர்மன் ஷெப்பர்டுகள் சிலவற்றின் குருதியிலும் டிரிப்சின் அளவு மீண்டும் மீண்டும் தாழ்ந்தே இருந்தது. கணையம் பெரிதும் அழிந்த பின்னரே நோய்க்குறிகள் தோன்றும் என்பதால், அவை நோயின் முன்கட்டத்தில் இருப்பதாகக் கருதப்பட்டன. எனினும் அவற்றுட் சில நாய்கள் ஆண்டுக்கணக்கில் மெலியாமலே வாழ்ந்தன.