ஃபில்டர் கருவியிடம் கணினி எப்படிப் பேசுகிறது?

பாகான் செராயிலிருந்து விடியற்காலையில் தொழிற்சாலை பஸ் ஏறி பினாங்கு போகிறவர் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருக்கலாம். நாளை நீங்களே அங்கு சோதனைப் பிரிவில் சேர்ந்தால், சீக்கிரமே கண்ணில் படக்கூடிய ஒரு பெட்டி சிக்னல் ஃபில்டர்.

அதன் வேலை, கலந்து வரும் மின் அலைகளில் வேண்டியதை விட்டு மற்றதைத் தடுப்பது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்த இரைச்சல் அளவீட்டில் கலந்துவிட்டால் ஃபில்டர்தான் அதை ஒதுக்கும். எந்த அதிர்வெண்ணில் வெட்ட வேண்டும் என்பதை முன்பக்கக் குமிழைத் திருப்பி வைக்கலாம். ஆனால் ஒரு நாளைக்கு ஆயிரம் சர்க்கியூட் போர்டு வந்தால்? கை வலிக்கும், தவறும் வரும். அதனால்தான் கணினியிடம் விடுகிறார்கள்.

இதற்கான வழியை 1960களின் இறுதியில் எச்பி நிறுவனம் உருவாக்கியது. 1975-இல் அது ஐஇஇஇ 488 என்ற தரநிலையானது. கணினியையும் சேர்த்து ஒரே இணைப்பில் 15 கருவிகள், மொத்தம் 20 மீட்டர் கேபிள். 'ரிமோட்' என்றாலும் பல சமயம் அதே மேசைதான்! இப்போது யுஎஸ்பி, லேன் வழியாகவும் பேசலாம். அதே எச்பி 1972-இல் பினாங்குக்கு வந்தது. அதன் அளவீட்டுக் கருவிப் பிரிவு 1999-இல் எஜிலண்ட், 2014-இல் கீசைட் என்று பெயர் மாறி, இன்றும் பாயான் லெப்பாஸில் இருக்கிறது.

பேச்சு இரண்டு வகை: கட்டளை, கேள்வி. கேள்வி என்றால் முடிவில் கேள்விக்குறி இருக்கும், அவ்வளவுதான். முதலில் கேட்பது நட்சத்திரக் குறி, ஐ டி என், கேள்விக்குறி. "நீ யார்?" என்று அர்த்தம். தயாரிப்பாளர், மாடல், வரிசை எண், மென்பொருள் பதிப்பு என நான்கு விவரம் பதிலாக வரும். 1990-இல் வந்த 'ஸ்கிப்பி' தரநிலை மற்ற கட்டளைகளையும் பொதுவாக்கியது. ஆனால் பழைய ஃபில்டர்கள் பல தங்கள் சொந்தப் பாஷையில்தான் பேசும். கையேட்டைப் பார்க்காமல் ஊகிக்காதீர்கள்.

புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. கட்டளைக்குப் பதில் வராது. "1 கிலோஹெர்ட்ஸில் வெட்டு" என்று அனுப்புகிறீர்கள், கருவி மௌனம். ஏற்றுக்கொண்டதா, மறுத்ததா, பக்கத்து எண்ணுக்கு மாற்றிக்கொண்டதா? கேட்டால்தான் தெரியும். கேட்காமல் விட்டால் நல்ல போர்டு குப்பைக்குப் போகும். இல்லையென்றால் பழுதான போர்டு பெட்டியில் ஏறி வாடிக்கையாளரிடம் போய்ச் சேரும். இரண்டாவதுதான் மோசம்.

அதனால் ஒவ்வொரு முறையும் அமைத்த மதிப்பைத் திரும்பக் கேளுங்கள். பிறகு பிழைப் பட்டியலையும் கேளுங்கள். ஸ்கிப்பி கருவியில் -113 வந்தால் கட்டளை புரியவில்லை, -222 வந்தால் எண் வரம்பைத் தாண்டிவிட்டது. -410 என்றால், முந்தைய பதிலை முழுதாக வாங்காமல் நீங்கள் அடுத்ததை அனுப்பியிருக்கிறீர்கள். அமைப்பை மாற்றியதும் ஃபில்டர் நிலைக்கு வரவும் சற்று நேரம் கொடுங்கள், உடனே அளக்காதீர்கள்.

இடையில் முன்பக்கப் பட்டன்கள் வேலை செய்யவில்லையா? கருவி பழுதாகியிருக்க வேண்டியதில்லை. 'ரிமோட்' விளக்கு எரிகிறதா பாருங்கள். எரிந்தால் 'லோக்கல்' பட்டனை அழுத்துங்கள். அதுவும் கேட்கவில்லை என்றால் கணினி அதைப் பூட்டி வைத்திருக்கலாம். கணினி வழியாகத்தான் விடுவிக்க வேண்டும்.