அக்காவின் வலிப்பிலிருந்து எழுந்த மருத்துவமனை

ரூத்துக்கு வலிப்பு வந்தது பள்ளிப் பருவத்தில். கல்யாணமாகி, பிள்ளைகள் பெற்று, நாற்பதைத் தாண்டிய பிறகும் அது விடவில்லை. 1928-இல் தலைவலியும் சேர்ந்துகொண்டது. தம்பி வைல்டர் பென்ஃபீல்ட் மூளை அறுவை மருத்துவர். அந்த ஆண்டுதான் மான்ட்ரியலுக்கு வந்து ராயல் விக்டோரியா மருத்துவமனையில் பணியில் சேர்ந்திருந்தார். அக்காவின் கண்ணுக்குள் கருவியால் பார்த்தபோதே, மூளைக்குள் அழுத்தம் ஏறியிருப்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை ஆண்டு வலிப்புக்குப் பின்னால் இருந்தது ஒரு கட்டி.

சொந்த அக்காவின் தலையைத் திறக்க யாருக்குத்தான் கை வரும்? அவரே திறந்தார். மூளையின் வலது முன்மடலின் பெரும்பகுதியை எடுத்தும் கட்டியை முழுதாக எடுக்க முடியவில்லை. வேர் ஆழத்தில் ஓடியிருந்தது.

ரூத் பிழைத்தார், வீடு திரும்பினார். பேச்சும் பாசமும் மாறவில்லை. ஓராண்டுக்கு மேல் ஆன பிறகு, விருந்தாளியாக வரும் தம்பிக்கும் வீட்டாருக்கும் தன் கையால் சமைக்க ஆசைப்பட்டார். தம்பி சமையலறைக்குள் போய்ப் பார்த்தபோது சாமான்கள் எல்லாம் எடுத்து வைக்கப்பட்டிருந்தன, அடுப்பில் ஏதோ ஒன்றிரண்டு ஏறியிருந்தன, இறைச்சியை இன்னும் தொடவே இல்லை. எதை முதலில், எதைப் பிறகு என்று தெரியாமல் தவித்து நின்றார் அக்கா. முன்மடல் என்ன வேலை செய்கிறது என்பதை பென்ஃபீல்ட் அந்த அடுப்படியில்தான் கண்டார். 1935-இல் அதை ஆய்வுக் கட்டுரையாகவும் எழுதினார்.

கட்டி மறுபடி வளர்ந்தது. 1931-இல் ரூத் இறந்தார்.

அறுவை மருத்துவர், நரம்பு மருத்துவர், ஆய்வுக்கூட விஞ்ஞானி எல்லாரும் ஒரே கூரையின் கீழ் இருந்தால்தான் இப்படிப்பட்ட மூளை நோய்களை நெருங்க முடியும் என்ற எண்ணம் அவருக்குள் உறுதிப்பட்டது இந்த நாட்களில்தான். ராக்ஃபெல்லர் அறக்கட்டளை பணம் கொடுத்தது. 1934-இல் மான்ட்ரியல் நரம்பியல் நிறுவனம் திறந்தது. நோயாளி விழித்திருக்க, மூளையின் மேற்பரப்பை மெல்லிய மின்சாரத்தால் தொட்டுத் தொட்டு, பேச்சு எங்கே, கைகால் அசைவு எங்கே என்று குறித்துக்கொண்டு வெட்டும் முறை அங்கே வளர்ந்தது. இன்றும் பேச்சுப் பகுதியை ஒட்டிய கட்டிகளை அப்படித்தான் எடுக்கிறார்கள்.

ரூத்தின் கட்டி ஒலிகோடென்ட்ரோகிளியோமா வகை. மெதுவாக வளர்வது, வலிப்பாகவே முதலில் முகம் காட்டுவது. கிளியோமா எனப்படும் இவ்வகை மூளைக் கட்டிகளில் வலிப்போடு தொடங்குபவர்கள் மற்றவர்களைவிடப் பொதுவாகக் கூடுதல் காலம் வாழ்கிறார்கள் என்பது பின்னால் பல ஆய்வுகளில் தெரிந்தது. நிதானமாக வளரும் கட்டிகளே வலிப்பை அதிகம் தூண்டுகின்றன. வலிப்பு வந்தவர் சீக்கிரம் ஸ்கேனுக்கும் போகிறார். ரூத்தின் காலத்தில் அந்த ஸ்கேன் இல்லை. முதல் வலிப்பைக் கண்டு, எல்லாம் முடிந்தது என்று இடிந்துபோகும் குடும்பங்களுக்கு மருத்துவர்கள் இந்தக் கூடுதல் ஆயுளைப் பற்றி உட்கார்ந்து எடுத்துச் சொல்ல வேண்டும். கூடவே இன்னொன்றையும் மறைக்கக்கூடாது: சிகிச்சைக்குப் பின் அடங்கியிருந்த வலிப்பு திரும்பினால், கட்டி மீண்டும் வளர்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.