இரண்டு கையெழுத்துகள்: நம்ம புதுச்சேரிக் கதை

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

சில மாதங்களாக உங்களில் பலர் எனக்கு ஒரே மாதிரியான செய்தி அனுப்புகிறீர்கள். ஒருவர் பல வருடம் பார்த்த வேலையை விட்டுவிட்டுச் சொந்தத் தொழில் தொடங்கலாமா என்று தவிக்கிறார். இன்னொருத்தி பிரான்சிலேயே இருந்துவிடுவதா, தேங்காய்த்திட்டுக்குத் திரும்புவதா என்று தெரியாமல் "ராத்திரி தூக்கமே இல்ல டீச்சர்" என்கிறாள். ஆசிரியர் பயிற்சி முடித்து சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள் நான். மனதுக்கு மருந்து சொல்லத் தெரியாது. ஆனால் இந்தத் தவிப்பு நம்ம ஊருக்குப் புதிதல்ல என்று மட்டும் சொல்ல முடியும். புதுச்சேரிக்காரர்கள் இரண்டு முறை பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு "நான் யார்?" என்று யோசிக்க வேண்டி வந்தது.

முதல் கதை ஒரு ஜோடி காலணியில் தொடங்குகிறது. 1873ஆம் ஆண்டு. பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர், ஐரோப்பியர்களைப் போலக் காலணியும் காலுறையும் போட்டுக்கொண்டு புதுச்சேரி நீதிமன்றத்துக்குள் போனார். இந்தியர் அப்படி வரக்கூடாது என்று நீதிபதி தடுத்தார். காலணியைக் கழற்றியிருந்தால் பிரச்சினை அன்றைக்கே முடிந்திருக்கும். அவர் கழற்றவில்லை. தொழிலே போய்விடக்கூடிய நிலையிலும் வழக்கைப் பாரீசில் இருந்த உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனார். தீர்ப்பு அவர் பக்கம் வந்தது.

அதன் பிறகு 1881 செப்டம்பர் 21 அன்று பிரெஞ்சு அரசு ஓர் ஆணை வெளியிட்டது. பிரெஞ்சிந்தியாவில் எந்தச் சாதி, எந்த மதத்தைச் சேர்ந்தவரானாலும், விரும்பினால் தங்கள் சொந்த வழக்கச் சட்டத்தைத் துறந்துவிட்டு பிரெஞ்சு குடிமைச் சட்டத்தின் கீழ் வரலாம். கல்யாணம், சொத்து, வாரிசு எல்லாம் அந்தச் சட்டப்படிதான். புதிதாக ஒரு குடும்பப் பெயரும் எடுத்துக்கொள்ள வேண்டும். கையெழுத்துப் போட்டால் போட்டதுதான், திரும்பப் பெற முடியாது. மனைவிக்கும் வயது வராத பிள்ளைகளுக்கும் அது பொருந்தும். இப்படித் துறந்தவர்களை 'ரெனோன்சான்' என்றார்கள். பொன்னுத்தம்பி எடுத்துக்கொண்ட பெயர் 'லாபோர்த்'. பிரெஞ்சு மொழியில் 'கதவு' என்று அர்த்தம்.

கிறிஸ்தவர்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும்தான் பெரும்பாலும் அந்தக் கதவு வழியாகப் போனார்கள். சாதியின் பெயரால் குனிந்தே நடந்தவர்களுக்கு ஒரு புதுப்பெயர் என்பது சாதாரண விஷயமா? இன்னொரு பக்கம், நாடு சண்முக வேலாயுத முதலியார் தலைமையில் பலர் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். முன்னோர் வழக்கத்தை விட்டுவிட்டால் நாம் யார் என்பது அவர்கள் கேள்வி. கையெழுத்துப் போட்டவர்களுக்கும் எல்லாம் சுலபமாகக் கிடைத்துவிடவில்லை. 1884இல் வாக்காளர் பட்டியலை மூன்றாகப் பிரித்து ஐரோப்பியர்களை ஒன்றிலும், ரெனோன்சான்களை இன்னொன்றிலும், மற்றவர்களை மூன்றாவதிலும் வைத்தார்கள். சமம் என்று சொன்ன அரசே மறுபடியும் ஒரு கோடு போட்டது. ஆனாலும் ரெனோன்சான் குடும்பங்கள் ஒடுங்கிவிடவில்லை. பலர் சைகோனுக்குக் கப்பலேறி அரசு வேலை பார்த்தார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள்.

இரண்டாவது கையெழுத்து நம் பெற்றோர் காலத்தது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் நடந்த வாக்கெடுப்பில் கலந்துகொண்ட 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தார்கள். 8 பேர் எதிர்த்தார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. ஆனால் சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான். அன்று முதல் இங்கே பிறந்து இங்கேயே வாழ்ந்தவர்கள் இந்தியக் குடிமக்கள். பிரெஞ்சுக் குடிமகனாகவே இருக்க விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். பதினெட்டு வயது ஆகாத, கல்யாணமாகாத பிள்ளைகளுக்குத் தகப்பனார் எடுத்த முடிவே முடிவு.

ஆறு மாதம் என்பது எவ்வளவு குறைவு என்று யோசித்துப் பாருங்கள். எழுதிக் கொடுத்தால் பிறந்த ஊரிலேயே வேற்று நாட்டுக்காரர். கொடுக்காவிட்டால் பல தலைமுறைத் தொடர்பு அறுந்துபோகும்.

எங்கள் வீட்டிலேயே இது நடந்தது. பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா. அவர் எழுதிக் கொடுத்தார். அப்பா கொடுக்கவில்லை. பெரியப்பா காகிதம் கொடுத்த அன்று ராத்திரி சாப்பிடவே இல்லை என்று அம்மா சொல்லுவார். அப்பாவும் திண்ணையிலேயே விடியும் வரை உட்கார்ந்திருந்தாராம். முதலில் சிலர் பெரியப்பாவைத் "துரோகி" என்றார்கள். பின்னாளில் பிரெஞ்சு பென்ஷன் ஒழுங்காக வந்தபோது அதே ஆட்கள் அப்பாவைப் "பிழைக்கத் தெரியாதவர்" என்றார்கள். உறவுகளில் பெரியவர்களுக்கு இது நினைவிருக்கும். இருவரும் யாருக்கும் பதில் சொன்னதில்லை. பெரியப்பா ஜூலை 14 அன்று பதக்கத்தைக் குத்திக்கொண்டு அணிவகுப்புக்குப் போவார். அப்பா ஆகஸ்ட் 15 அன்று எங்களைக் கொடியேற்றத்துக்கு அழைத்துப் போவார். பொங்கலுக்கு இருவரும் ஒரே பந்தியில் உட்காருவார்கள்.

இவர்களில் யாரும் பயம் தீர்ந்த பிறகு முடிவெடுக்கவில்லை. பயத்தோடுதான் எடுத்தார்கள். எதை இழக்கிறோம் என்பதும் அவர்களுக்குத் தெரியும். தெரிந்தே எடுத்ததால்தான் ஊர் மாற்றி மாற்றிப் பேசியபோது ஆடிப்போகவில்லை. லாபோர்த் செய்தது சரியா, சண்முக முதலியார் சொன்னது சரியா என்று என்னைக் கேட்டால், அவரவர் மனசாட்சிக்கு எது பொய்யாகத் தோன்றியதோ அதை அவரவர் செய்யவில்லை என்றுதான் சொல்வேன்.

அதனால் தூக்கம் வராத பிள்ளைகளே, தூக்கம் வராததைக் கோழைத்தனம் என்று நினைக்காதீர்கள். பெரிய விஷயம் என்பதால்தான் தூக்கம் வரவில்லை. அக்கம்பக்கத்துப் பேச்சைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, அப்புறமும் உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று பாருங்கள். உங்கள் முடிவால் பிள்ளைகளுக்கு என்ன ஆகும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். 1962இல் அந்தப் பிள்ளைகளை யாரும் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள்.

உங்கள் வீட்டுப் பரணில் தாத்தா காலத்துப் பிரெஞ்சுக் காகிதம் இருந்தால் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். அவர் ஏன் கையெழுத்துப் போட்டார், அல்லது ஏன் போடவில்லை என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, கீழே கமெண்டில் எழுதுங்கள். எல்லோரும் தெரிந்துகொள்வோம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர், தேங்காய்த்திட்டு