மெசல்சன்–ஸ்டால் சோதனை

டி.என்.ஏ. மூலக்கூறு தன்னை எப்படி இரட்டித்துக்கொள்கிறது என்பதை நிறுவிய ஆய்வு. மேத்யூ மெசல்சன், ஃபிராங்க்ளின் ஸ்டால் இருவரும் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் 1957-இல் இதைச் செய்து, 1958-இல் வெளியிட்டனர்.

1953-இல் வாட்சனும் கிரிக்கும் இரட்டைச் சுருள் அமைப்பை முன்வைத்தபோதே இரட்டிப்புக்கான வழியும் புலப்பட்டது. அடினினுக்கு எதிரே தைமின், குவானினுக்கு எதிரே சைட்டோசின் என்பதால், ஓர் இழை தெரிந்தால் எதிரிழையை எழுதிவிடலாம். ஆகவே இழைகள் பிரிந்து, ஒவ்வொன்றும் புதிய துணையை உருவாக்கும் என்றனர். இது பாதி பேணும் முறை. ஆனால் பல்லாயிரம் முறுக்குகளை அவிழ்ப்பது எப்படி என்று உயிரியற்பியலாளர் மேக்ஸ் டெல்புரூக் கேட்டார். இழைகள் துண்டுபட்டுக் கலந்து சேரும் என்பது அவர் தந்த மாற்று விளக்கம். பழைய மூலக்கூறு குலையாமல் நிற்க, முற்றிலும் புதியது ஒன்று உருவாகும் என்பது மூன்றாவது சாத்தியம்.

இம்மூன்றில் எது சரி என்று கண்டறிந்த இந்தச் சோதனையின் எளிமை வியக்கத்தக்கது. கண்ணால் காண முடியாத பழைய டி.என்.ஏ.வையும் புதியதையும் மெசல்சனும் ஸ்டாலும் எடையால் பிரித்தறிந்தனர். ஈ.கோலை பாக்டீரியாவை 14 தலைமுறைகள் கனமான நைட்ரஜன்-15 கலந்த ஊட்டத்தில் வளர்த்தபின், திடீரென்று சாதாரண நைட்ரஜன்-14 ஊட்டத்துக்கு மாற்றினர். அவ்வப்போது எடுத்த டி.என்.ஏ.வைச் சீசியம் குளோரைடு கரைசலில் அதிவேக மையவிலக்கியில் பல மணி நேரம் சுழற்றினர். சுழற்சியில் கரைசலின் அடர்த்தி உள்ளிருந்து வெளிப்புறம் நோக்கிப் படிப்படியாகக் கூடும்; டி.என்.ஏ. தன் அடர்த்திக்கு ஒத்த இடத்தில் பட்டையாகத் தங்கும். கனத்ததற்கும் இலேசானதற்கும் உள்ள அடர்த்தி வேறுபாடு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அதுவே போதுமானதாக இருந்தது.

ஒரு தலைமுறைக்குப் பின் நடு அடர்த்தியில் ஒரே பட்டை தெரிந்தது. பழையது குலையாமல் நிற்குமானால் கனத்தது, இலேசானது என இரு பட்டைகள் வந்திருக்க வேண்டும். இரண்டாம் தலைமுறையில் பாதி நடுவிலும் பாதி இலேசான இடத்திலும் நின்றன. துண்டுகள் கலந்திருந்தால் ஒரே பட்டைதான் மெல்ல நகர்ந்திருக்கும். நடுப்பட்டை டி.என்.ஏ.வைச் சூடாக்கியபோது அது இருவேறு அடர்த்திகொண்ட பகுதிகளாகப் பிரிந்தது.

இவை பாதி பேணும் முறைக்கே பொருந்தின; எனினும் ஆய்வாளர்களின் நிதானம் குறிப்பிடத்தக்கது. நைட்ரஜன் இரண்டு 'உட்கூறுகளிடையே' சமமாகப் பிரிகிறது என்றே எழுதினர். அவை தனித்தனி இழைகளே என்று அறுதியிட்டுச் சொல்லவில்லை. அதைப் பிந்தைய ஆய்வுகளே உறுதிசெய்தன. இவர்கள் முடிவை வெளியிடுமுன்பே, 1957-இல் ஜே. ஹெர்பர்ட் டெய்லரும் உடன் ஆய்வாளர்களும் கதிரியக்க ட்ரிட்டியம் ஏற்றிய அவரைவகைச் செடியின் குரோமோசோம்களில் இதையொத்த பங்கீட்டைக் கண்டிருந்தனர். மெசல்சன்–ஸ்டால் சோதனையை உயிரியலாளர் ஜான் கெய்ர்ன்ஸ் உயிரியலின் மிக அழகிய சோதனை என்று போற்றினார்.

டெல்புரூக் எழுப்பிய முறுக்குச் சிக்கல் உண்மையானதே. இழைகளைப் பிரிக்கும் ஹெலிகேஸ் நொதிகளும், இழையை வெட்டி முறுக்கைத் தளர்த்தி மீண்டும் ஒட்டும் டோப்போஐசோமரேஸ் நொதிகளும் அதைத் தீர்க்கின்றன. பின்னவற்றுள் முதல் நொதியை ஜேம்ஸ் வாங் 1971-இல் ஈ.கோலையிலேயே கண்டறிந்தார்.