பாங்காக்கில் அரைநாள்: ஊஞ்சலும் திருவெம்பாவையும்

அங்கோர்க் கோயில்களைக் கண்டு தாயகம் திரும்பும் வழியில், பாங்காக்கில் நமக்குக் கிடைத்தது அரைநாள் பொழுதே. இத்தனை குறுகிய நேரத்தில் அந்நகருக்குள் நுழைவோர், அரண்மனை வளாகத்து மரகதப் புத்தரையும் வாட் போ ஆலயத்தில் 46 மீட்டர் நீளத்திற்குப் பள்ளிகொண்டிருக்கும் புத்தரையும் தரிசித்துவிட்டு விமான நிலையம் விரைவது வழக்கம். நாமும் அவ்விரண்டையும் கண்டோம். எஞ்சிய ஒரு மணி நேரத்தை, வாட் சுதாட் ஆலயத்தின் எதிரே நிற்கும் சிவப்புத் தேக்குமரத் தூண்களுக்கென ஒதுக்கினோம்.

'சாவோ சிங் சா' என்று தாய்லாந்து மக்கள் அழைக்கும் மாபெரும் ஊஞ்சலின் சட்டகம் இது. 1767-இல் பர்மியப் படையெடுப்பால் அயுத்தயா அழிந்தது. 1782-இல் பாங்காக்கைத் தலைநகராக்கிய முதலாம் ராமா மன்னர், அயுத்தயாவின் அரசச் சடங்குகளுக்கு மீண்டும் உயிரூட்ட விழைந்தார். அதன் விளைவே 1784-இல் எழுந்த இவ்வூஞ்சலும், சிவன், விநாயகர், திருமால் ஆகியோருக்கு மூன்று தனித்தனிக் கட்டடங்கள் கொண்ட 'தேவஸ்தான்' கோயிலும். 1920-இல் ஊஞ்சல் இப்போதுள்ள இடத்திற்கு மாற்றப்பட்டது. இன்று நாம் காணும் தூண்கள் 2006-இல் புதிதாக நிறுவப்பட்டவை.

ஆண்டுதோறும் சிவபெருமான் பூவுலகிற்கு எழுந்தருளிச் சில நாட்கள் தங்கிச் செல்வதாக அங்கே நம்பிக்கை. அவரை வரவேற்கும் விழாவில், ஊஞ்சல் பலகையேறி உயரே ஆடுவோர், மூங்கிற்கழியில் தொங்கும் பொற்கிழியைப் பல்லால் கவ்வுவர். ஆபத்து நிறைந்த இவ்வாட்டம் 1935-இல் நின்றுபோனது. கோயிலுக்குள் நிகழும் வழிபாடோ இன்றும் தொடர்கிறது.

அவ்விழாவின் பெயரைக் கேட்டால் வாசகர்கள் வியப்படைவீர்கள். சிவனுக்குரியது 'திரியம்பவாய்', திருமாலுக்குரியது 'திரிபவாய்'. ஆம், திருவெம்பாவையும் திருப்பாவையும்தான்! அங்குள்ள அந்தணர்கள் ஓதும் பாடல்களை ஆராய்ந்த தெ. பொ. மீனாட்சிசுந்தரனார் உள்ளிட்ட அறிஞர்கள், உச்சரிப்பு பெரிதும் திரிந்த நிலையிலும் அவற்றில் திருவெம்பாவைப் பாடலை அடையாளம் கண்டனர். அவ்வந்தணர்களின் ஏடுகள் கிரந்த எழுத்து மரபைச் சார்ந்தவை.

இவ்விடத்தில்தான் நாம் நிதானிக்க வேண்டும். 'சயாமைத் தமிழர் ஆண்டனர், அதனாலேயே அங்கு தமிழ் ஒலிக்கிறது' என்று பெருமிதம் பேசுவோர் நம்மிடையே உண்டு. சான்றுகள் அவ்வளவு தூரம் செல்வதில்லை. தென் தாய்லாந்தின் தகுவாபாவில் கிடைத்த 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்ற குளத்தையும் அதன் காவலுக்கு உரியோராக மணிக்கிராமத்தாரையும் குறிப்பிடுகிறது. அவனிநாரணன் என்பது மூன்றாம் நந்திவர்மப் பல்லவரின் விருதுப்பெயர். தமிழ் வணிகர் அக்கரையில் தங்கியிருந்தனர் என்பதற்கு இது உறுதியான ஆதாரம். எனினும் அக்குளத்திலிருந்து இவ்வூஞ்சல்வரை நேர்க்கோடு வரைய இக்கல்வெட்டு மட்டும் போதாது. பாங்காக் அந்தணர்களின் முன்னோர் நக்கோன் சி தம்மராட் முதலிய தென்பகுதி ஊர்களிலிருந்து வந்தவர்கள் என்னும் மரபு, இடையிலுள்ள ஒரு கண்ணியைக் காட்டுகிறது. அவ்வளவே.

வெற்றிப் பெருமிதத்தைக் காட்டிலும் சுவையானது வேறொன்று. திருவெம்பாவையில் மகளிர், உறங்கும் தோழியின் வாயிலில் நின்று கதவைத் திறக்கச் சொல்கின்றனர். பாங்காக்கிலோ அப்பாடல், கயிலாயத்தின் கதவைத் திறந்து இறைவனை வரவேற்கும் மந்திரமாகியுள்ளது. வாயில் திறத்தல் என்ற கருத்தே இம்மாற்றத்திற்கு வித்திட்டிருக்கலாம் என்பது நம் ஊகம். நோன்பிருக்கும் பெண்களின் குரல், கடல் கடந்தபின் அரசச் சடங்கின் குரலாயிற்று.

மொழி மறந்துபோன பின்னும், பொருள் அறியாத நாவுகள் தலைமுறை தலைமுறையாக அவ்வொலியைக் கைவிடவில்லை. பொருள் அறிந்த நம்மில், மார்கழியில் அவ்விருபது பாடல்களையும் பாடுவோர் எத்தனை பேர்?