வண்டி மையும் தொண்ணூறாம் நம்பரும்

1960 ஏப்ரல் 1 வரை சத்தியவேடு சென்னை மாநிலத்துச் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. எல்லை மாற்றத்தில் திருத்தணி இந்தப் பக்கம் வர, சத்தியவேடு ஆந்திரத்தின் சித்தூருக்குப் போயிற்று. மாநிலம் எதுவானால் என்ன, மாட்டுவண்டி அச்சுக்கு மை வேண்டும். வைக்கோலைக் கரியாக்கி விளக்கெண்ணெயில் குழைப்பது நம் பக்கத்துப் பழைய வழக்கம்.

விளக்கெண்ணெய் என்று இளக்காரம் வேண்டாம். முதல் உலகப் போரின் விமானங்கள் பலவற்றில் சுழல் எஞ்சின்கள் அதில்தான் ஓடின. காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்தது.

1967-ல் பெங்களூரில் தொடங்கிய வி.எஸ்.டி. நிறுவனம் ஜப்பானின் மிட்சுபிஷி கூட்டோடு பவர் டில்லர்களைத் தயாரித்தது. மை போய், கியர் ஆயில் வந்தது, கூடவே குழப்பமும்.

கியர் ஆயிலில் 90 என்றால் எஞ்சின் ஆயிலைவிட இரு மடங்கு கெட்டி என்று நினைப்பவர்கள் உண்டு. இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள். 90-ம் நம்பர் கியர் ஆயில் ஏறத்தாழ 40, 50-ம் நம்பர் எஞ்சின் ஆயிலின் கெட்டிதான். பழைய தோட்டக் கருவிகளுக்கு உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. பலவற்றில் வெண்கலப் பல்சக்கரமோ புஷ்ஷோ இருக்கும். ஜி.எல்.-5 ரக எண்ணெய்கள் சிலவற்றில் அதிகம் சேர்க்கப்படும் கந்தக, பாஸ்பரஸ் கலவை சூடேறும்போது அதை அரிக்கக்கூடும். ஜி.எல்.-4 சாது. விலை உயர்ந்ததே நல்லது என்ற கணக்கு இங்கே செல்லாது.

கையேடு தொலைந்துவிட்டதா? பழைய எண்ணெயை வெள்ளைத் தட்டில் வடித்துப் பாருங்கள். மஞ்சள் துகள் மின்னினால் உள்ளே வெண்கலம் தேய்கிறது. பாலாக வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.