நீரிழிவாளர் வாழ்க்கை நியமம்

இன்சுலினைச் சரீரம் செவ்வனே ஏற்காமையாலும் அதன் சுரப்பு குன்றுதலாலும் விளையும் இரண்டாம் வகை நீரிழிவில், மருந்தோடு உடன்நிற்க வேண்டிய ஆகாரம், தேகாப்பியாசம், நித்திரை, புகையிலை விலக்கு ஆகியவற்றின் ஒழுங்கு. வாரத்திற்கு 150 நிமிஷ விரைநடை இதன் பொது அளவு. உவரி முதலிய திருநெல்வேலிக் கடற்கரையூர்களில் மீனும் பனம்பண்டமும் மலிந்திருத்தலின், பொரிக்காத மீன் நல்லாகாரமாக அமைய, கருப்பட்டியோ, நோயாளிக்குத் தீங்கற்றதென்ற கீர்த்தி பெற்றிருப்பினும், பெரும்பாலும் சுக்ரோஸே ஆதலால் சர்க்கரையைப் போன்றே விலக்கத்தக்கதாம்; அந்நம்பிக்கை ஆதாரமற்றது. உணர்ச்சி குன்றிய பாதத்தினர் வெறுங்காலுடன் மணலில் நடத்தலும் ஆகாது. 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு, நோயின் விளிம்பில் நின்றோரிடம் வாழ்க்கைமுறை மாற்றம் நோய்வரவை 28.5 சதவீதம் குறைத்ததெனக் காட்டியது. தமிழகத்தில் 2021 ஆகஸ்டு முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ் நீரிழிவு மருந்துகள் இல்லத்திலேயே வழங்கப்படுகின்றன.